ஐந்து சதுர கிலோமீட்டர் நகரம்: வரபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் உவேனோ நிலையத்தில், வெளிர்நீலக் கோடு போட்ட கெய்ஹின்-தொஹோக்கு ரயிலில் வடக்கு நோக்கி ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் வரபி வந்துவிடும். வழியில் வயல் கிடையாது, தோப்பு கிடையாது. அரகாவா ஆறு மட்டும் ஒரு முறை குறுக்கே வரும். அதைத் தாண்டியதும் கவாகுச்சி, நிஷி-கவாகுச்சி, அப்புறம் வரபி. கண் அசந்தால் அடுத்த நிலையத்துக்குள் இந்த ஊரே முடிந்திருக்கும். பரப்பளவில் ஜப்பானின் மிகச் சிறிய நகரம் இதுதான். வரைபடம் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர்கள் இந்த ஊரைப் பற்றி அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

வரபி சரியாக எங்கே இருக்கிறது?

சைத்தாமா மாகாணத்தின் தென்கிழக்கில், டோக்கியோ நிலையத்திலிருந்து ரயில் பாதை வழியே சுமார் 20 கிலோமீட்டரில். கிழக்கே கவாகுச்சி, மேற்கிலும் தெற்கிலும் தோதா, வடக்கே மாகாணத் தலைநகரான சைத்தாமா நகரம். மூன்றுமே வரபியைவிடப் பல மடங்கு பெரியவை. கூட்டமான பேருந்தில் மூன்று பெரியவர்களுக்கு நடுவே நிற்கும் சிறுவனைப் போல இந்த ஊர் நிற்கிறது. கடல் பக்கத்தில் இல்லை. டோக்கியோவின் எல்லையைக்கூட இது நேரடியாகத் தொடவில்லை. நடுவில் தோதாவும் கவாகுச்சியும் இருக்கின்றன.

எவ்வளவு சிறியது?

5.11 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் சுமார் 1,260. ஊரைச் சதுரமாக வெட்டி வைத்தால் ஒரு பக்கம் இரண்டேகால் கிலோமீட்டர்தான் வரும். சாவகாசமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குப் போய்விடலாம்.

பழைய புத்தகங்களில் 5.10 என்று பார்த்திருப்பீர்கள். அது அச்சுப் பிழை அல்ல. 2014இல் ஜப்பானின் நில அளவை நிறுவனம் பரப்பளவைக் கணக்கிடும் முறையை மாற்றியபோது நாடு முழுவதும் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கின. ஒரு பிடி மண்கூடப் புதிதாகச் சேராமலே வரபிக்கு 0.01 சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர் கூடுதலாகக் கிடைத்தது. மற்ற ஊர்களில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஜப்பானிலேயே சின்ன ஊர் இதுதானா?

இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஜப்பானில் உள்ளாட்சிகள் 'ஷி' என்ற நகரம், 'மாச்சி' என்ற சிற்றூர், 'முரா' என்ற கிராமம் என்று பிரிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மிகச் சிறியது தொயாமா மாகாணத்திலுள்ள ஃபுனஹாஷி கிராமம். அதன் பரப்பு 3.47 சதுர கிலோமீட்டர். 'ஷி' என்ற தகுதி பெற்றவற்றில் மட்டும்தான் வரபி கடைசி. அதற்கு அடுத்த சிறிய நகரம் டோக்கியோவின் மேற்குப் புறநகரான கொமாயே, 6.39 சதுர கிலோமீட்டர்.

இன்னொரு 'கடைசி'யும் இதற்கு உண்டு. ஜப்பானிய எழுத்து வரிசையில் 'வ' கடைசி வரிகளில் ஒன்று. நகரங்களை அந்த வரிசைப்படி அடுக்கினால் வகாயாமா, வாஜிமா எல்லாம் போன பிறகு, பட்டியலின் கடைசிப் பெயராக வரபி வந்து நிற்கும்.

அதில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பின்படி 74,283 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14,500 பேர். ஜப்பானின் 'ஷி'க்களில் இதுதான் மிக நெருக்கமானது. மிகச் சிறியது என்ற பட்டமும் மிக நெருக்கமானது என்ற பட்டமும் ஒரே ஊருக்கு.

எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது. தலைக்கு எவ்வளவு நிலம் என்று வகுத்துப் பார்த்தால் சுமார் 69 சதுர மீட்டர் வருகிறது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டில் மூன்று பேருக்குச் சற்று மேல். அந்த 69 சதுர மீட்டருக்குள்தான் வீடும், தெருவும், பள்ளி மைதானமும், ரயில் பாதையும், கோயிலும், கல்லறையும் எல்லாம்.

டோக்கியோவைவிட நெருக்கமா?

டோக்கியோவின் 23 சிறப்பு வட்டங்களோடு ஒப்பிட்டால் இல்லை. தொஷிமா வட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 23,000 பேர் இருக்கிறார்கள். ஆனால் அவை சட்டப்படி 'கு', அதாவது வட்டங்கள், 'ஷி' அல்ல. அதனால் நகரங்களின் பட்டியலில் அவை வருவதில்லை. வரபியின் முதலிடத்தைச் சொல்லும்போது இந்த அடிக்குறிப்பையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இத்தனை நெருக்கம் என்றால் வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த ஊரா?

அங்கே இறங்கிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நிலையத்தின் மேற்கு வாயில் பக்கம் சில உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்கள் உண்டு. கொஞ்சம் உள்ளே போனால் இரண்டு மாடி வீடுகள், ஒரு கார் மட்டும் போகக்கூடிய சந்துகள், வாசலில் தொட்டிச் செடிகள், சைக்கிள்கள். சாதாரணப் புறநகர்தான்.

பிறகு எப்படி முதலிடம்? என்னைக் கேட்டால், மிச்ச நிலம் இல்லாததுதான் காரணம். தெற்கே தோதாவைப் பாருங்கள்: அரகாவாவின் அகலமான ஆற்றுப் படுகை அதன் எல்லைக்குள் வருகிறது; 1964 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடந்த நீண்ட நீர்ப்பரப்பும் அங்கேதான். கவாகுச்சியின் அங்யோ பகுதி நாற்றங்கால் தோட்டங்களுக்குப் பேர் போனது. ஆறு, குளம், தோட்டம் எல்லாம் பரப்பளவில் சேரும், ஆனால் அங்கே யாரும் குடியிருப்பதில்லை. வகுக்கும்போது சராசரி இறங்கிவிடும். வரபிக்குப் பெரிய ஆறு இல்லை, குன்று இல்லை, காடு இல்லை. எல்லைக்கோட்டுக்குள் விழுந்ததெல்லாம் வீட்டு மனை. பக்கத்து ஊர்களின் நெருக்கமான பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து அளந்தால் வரபிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்த பெருமை இது.

இவ்வளவு சின்ன இடம் எப்படி 'நகரம்' ஆனது?

ஜப்பானின் உள்ளாட்சிச் சட்டம் நகரத் தகுதிக்குப் பரப்பளவைப் பார்ப்பதில்லை. முக்கியமான நிபந்தனை 50,000 மக்கள். 1889இல், நெடுஞ்சாலைப் பயணிகள் தங்கும் ஊராக இருந்த வரபி சாவடியும் ட்சுகாகோஷி கிராமமும் சேர்ந்து வரபிச் சிற்றூர் உருவானது. இன்றைய ஊரின் உருவம் பெரும்பாலும் அப்போது வந்ததுதான். 1893இல் ரயில் நிலையம் திறந்தார்கள். போருக்குப் பிறகு டோக்கியோவில் வேலை, வரபியில் வாடகை வீடு என்று ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1959 ஏப்ரல் 1ஆம் தேதி நகரத் தகுதி கிடைத்தது.

மற்ற இடங்களில் நான்கைந்து கிராமங்களை ஒட்டவைத்து 50,000ஐ எட்டினார்கள். வரபி யாரையும் சேர்க்காமல் அதே 1889 எல்லைக்குள் எட்டியது. அதனால்தான் இந்த அளவு.

பக்கத்து நகரத்தோடு இணைத்துவிட்டால் என்ன?

முயன்றார்கள். 2000களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் உள்ளாட்சிகளை இணைக்கும் அலை அடித்தது. 2001இல் உராவா, ஓமியா, யோனோ சேர்ந்து சைத்தாமா நகரம் ஆயின. அதே காலத்தில் கவாகுச்சி, வரபி, ஹத்தோகாயா மூன்றும் இணைவது பற்றிப் பேசின. புது நகரத்துக்கு 'புனான்' என்று பெயர்கூடத் தேர்வானது. இந்தப் பகுதிக்கு முன்பு முசாஷி நாடு என்று பெயர்; அதன் தெற்கு என்று பொருள். ஆனால் கவாகுச்சிக்காரர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. மூன்றில் பெரிய ஊர் தங்களுடையது, தங்கள் பெயர் ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். 2004இல் பேச்சு முறிந்தது. கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்து, பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்பதில் உடைந்த மாதிரி.

ஹத்தோகாயா பின்னர் 2011இல் தனியாகக் கவாகுச்சியில் சேர்ந்துவிட்டது. வரபி அப்படியே நின்றது. வராமல் போன அந்த நகரத்தின் பெயர், வரபியின் ட்சுகாகோஷி பகுதியிலுள்ள புனான் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் முன்பிருந்தே இருக்கிறது. கால்பந்தில் பேர் போன பள்ளி அது.

மலை, ஆறு, ஏரி ஏதாவது உண்டா? வெள்ளம் வருமா?

மலை கிடையாது. ஊர் முழுக்க அரகாவா தாழ்நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவருக்குச் சொர்க்கம். ஆற்றங்கரையும் கிடையாது. ஆனால் ஆற்றின் பயம் மட்டும் உண்டு. 'அரகாவா' என்றாலே முரட்டு ஆறு என்றுதான் பொருள். கரை உடைந்தால் தண்ணீர் தோதாவோடு நிற்காது. வரபி நகராட்சி வெளியிடும் வெள்ள அபாய வரைபடத்தில் ஊரின் பெரும்பகுதி நிறம் பூசித்தான் இருக்கிறது. ஓடி ஏறிக்கொள்ள மேடு இல்லாத ஊரில் மேல்மாடிதான் மேடு.

இது புதிய கவலை அல்ல. டோக்கியோவை 'எதோ' என்று அழைத்த பழைய காலத்தில் இங்கே அரகாவாவின் மேல் பாலம் இல்லை. தோதா துறையில் ஓடத்தில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஓடம் நிற்கும், பயணிகள் கரையிலேயே தங்குவார்கள். வரபிச் சாவடியின் விடுதிகளுக்கு அந்த நாட்களில் நல்ல வியாபாரம். 1875இல்தான் மரப்பாலம் வந்தது.

ஊரின் பகுதிகள் எவை?

மொத்தமே ஐந்து. நடுவில் சூஓ, வடக்கே கித்தாமாச்சி, தெற்கே மினாமிச்சோ, மேற்கே நிஷிகிச்சோ, ரயில் பாதைக்குக் கிழக்கே ட்சுகாகோஷி. அஞ்சல் குறியீடும் ஐந்தே: 335-0001 முதல் 335-0005 வரை. முதல் மூன்று பெயர்களும் நடு, வடக்கு, தெற்கு என்று திசைகளையே சொல்கின்றன. 'நிஷி' என்றால் மேற்கு. ஆனால் 'நிஷிகி' என்றால் சரிகைப் பட்டு. மேற்கில் இருக்கும் பகுதிக்கு, நெசவு செய்து வாழ்ந்த ஊரில், இந்தப் பெயர் அழகாகப் பொருந்திவிட்டது.

நெசவு என்றதும் ட்சுகாகோஷியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் வரபியும் ட்சுகாகோஷியும் பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தன. 'ஃபுத்தாகோ' என்ற கோடு போட்ட துணி இங்கத்திய சரக்கு. தறிச் சத்தம் நின்று வெகு நாளாகிவிட்டது. 1951இல் தொடங்கிய தறித் திருவிழா மட்டும் கோடைதோறும் நடக்கிறது.

புறநகர் ஆவதற்கு முன் இது என்ன ஊர்?

நெடுஞ்சாலைச் சாவடி. எதோவையும் கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நகாசென்தோ சாலையில் 69 தங்கும் ஊர்கள். எதோவிலிருந்து கிளம்பினால் முதலாவது இத்தபாஷி, இரண்டாவது வரபி, மூன்றாவது உராவா. 1843இல் எடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது: 430 வீடுகள், 2,223 மக்கள், பிரபுக்கள் தங்கும் தலைமை விடுதி இரண்டு, துணை விடுதி ஒன்று, சாதாரண விடுதிகள் 23. 1861இல், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனை மணக்கப் போன இளவரசி கசுனோமியாவின் பரிவாரம் இங்கே இளைப்பாறிவிட்டுப் போனது.

பழைய சாலை இன்னமும் அதே இடத்தில் கிடக்கிறது. புது நெடுஞ்சாலையான 17ஆம் எண் சாலையை விலக்கிப் போட்டதால் தப்பியது. நடைபாதையைக் குனிந்து பார்த்தபடி நடந்தால் காலடியில் 69 சாவடிகளின் மரவெட்டு ஓவியங்களை ஓடுகளாகப் பதித்திருப்பது தெரியும். ஓரிடத்தில் வீட்டுப் பின்புறத்தில், கையகல வாய்க்காலின் மேல் ஒரு சின்னத் தூக்குப்பாலம் இருக்கும். அன்று சாவடியைச் சுற்றி வாய்க்கால் ஓடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு பலகைப் பாலம். பொழுது சாய்ந்ததும் அதைத் தூக்கிவிடுவார்கள். கோட்டைக்கு அகழி என்பது போல் வீட்டுக்கு வாய்க்கால். அவசரமாக நடப்பவர்கள் கவனிக்காமல் போய்விடுவார்கள், அவ்வளவு சிறியது.

மக்கள்தொகை ஏறுகிறதா, இறங்குகிறதா?

இரண்டும் நடந்திருக்கிறது. 1970 வாக்கில் 77,000ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் இறங்கி, பல ஆண்டுகள் 70,000ஐ ஒட்டியே ஏறி இறங்கியது. இடம் மாறவில்லை, குடும்பம்தான் சுருங்கியது: ஐந்து பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர். சற்றுப் பெரிய வீடு வேண்டும் என்றவர்கள் ரயிலில் இன்னும் வடக்கே போனார்கள். 2010இல் 71,502, 2015இல் 72,260, 2020இல் 74,283. ஜப்பானின் மொத்த மக்கள்தொகை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் இந்த ஏற்றம். நிலையத்தருகே எழுந்த கோபுரங்கள் ஒரு காரணம், வெளிநாட்டவர் வருகை மற்றொன்று.

வெளிநாட்டவர் அதிகமா? 'வரபிஸ்தான்' என்கிறார்களே?

பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். ஜப்பானில் இது மிக உயர்ந்த விகிதம். எண்ணிக்கையில் சீனர்கள் முதலிடம். வியட்நாமியர், பிலிப்பினோக்கள், கொரியர்களும் உண்டு. ஆனால் பேர் வாங்கியவர்கள் குர்துகள். 1990களிலிருந்து துருக்கியின் தென்பகுதியைச் சேர்ந்த குர்துகள் ஒருவரைப் பின்பற்றி ஒருவராக இங்கே வந்தார்கள். 'குர்திஸ்தான்' என்பதோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து 'வரபிஸ்தான்' என்ற வேடிக்கைப் பெயர் பிறந்தது. ஆண்களில் பலருக்குப் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலை. வரபி நகரப் பூங்காவில் பல ஆண்டுகள் வசந்தத்தில் தங்கள் புத்தாண்டான நவ்ரோஸ் கொண்டாடி, கைகோத்து வட்டமாக ஆடினார்கள்.

இங்கேயும் எல்லைக்கோடு விளையாடுகிறது. அந்தக் குர்துகளில் பெரும்பாலோர் வசிப்பது பக்கத்துக் கவாகுச்சியில். இறங்கும் நிலையத்தின் பெயர் வரபி, அதனால் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது. நிலையத்துக்கு அருகிலிருக்கும் பெரிய ஷிபாசோனோ குடியிருப்பிலும் இதே கதை: பாதிக்கு மேல் சீனர்கள் வசிக்கும் அதைச் செய்திகளில் வரபியோடு சேர்த்துப் பேசுவார்கள், ஆனால் அது கவாகுச்சி மண்.

குர்துகளின் நிலைமை வேடிக்கைப் பெயர் அளவுக்கு இலகுவானது அல்ல. அகதித் தகுதி கேட்டுப் பல்லாண்டு காத்திருப்பவர்கள் நிறையப் பேர். துருக்கிக் குடியுரிமை உள்ள ஒரு குர்துக்கு ஜப்பான் முதன்முதலாக அகதித் தகுதி கொடுத்தது 2022இல்தான், அதுவும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. அண்மைக் காலத்தில் அவர்களுக்கு எதிரான ஊர்வலங்களும் இணைய வசவுகளும் கூடியிருக்கின்றன.

இருபது வயது நிறைவு விழா இங்கேதான் தொடங்கியதா?

ஆமாம், இப்போது நாடு முழுவதும் நடக்கும் வடிவத்தில். 1946 நவம்பர் 22. போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சோற்றுக்கே பஞ்சம். தோற்றுத் திரும்பிய இளைஞர்கள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார்கள். ஊரின் இளைஞர் அமைப்புத் தலைவர் தகஹாஷி ஷோஜிரோ முன்னின்று, பள்ளி மைதானத்தில் கூடாரம் அடித்து ஒரு 'இளைஞர் விழா' எடுத்தார். அதன் முதல் நிகழ்ச்சியாக இருபது வயது நிறைந்தவர்களை அழைத்து வாழ்த்தினார்கள். 1948இல் இதற்கென்று நாடு தழுவிய விடுமுறை நாளே சட்டத்தில் வந்தது. எல்லா ஊர்களும் 'செய்ஜின்-ஷிகி' என்று சொல்ல, வரபி மட்டும் 'செய்னென்-ஷிகி' என்ற தன் பழைய பெயரை விடவில்லை. வரபிக் கோட்டை இருந்த இடத்துப் பூங்காவில் 1979இல் இதற்கு ஒரு நினைவுச் சிலை வைத்தார்கள். கோட்டை என்றதும் மதில் தேடாதீர்கள். 15ஆம் நூற்றாண்டுக் கோட்டையில் மிஞ்சியது அகழியின் தடம்தான்.

இத்தனை சின்ன நகராட்சியால் எல்லா வசதியும் தர முடிகிறதா?

ஏழு தொடக்கப் பள்ளிகள், மூன்று நடுநிலைப் பள்ளிகள், ஒரு நகராட்சி மருத்துவமனை, சொந்தத் தீயணைப்புப் படை. இந்த அளவுக்கு இது நிறையவே. குப்பை விஷயத்தில் மட்டும் தனியாக முடியாது. எரி ஆலைக்கு ஊருக்குள் இடம் ஏது? தோதாவோடு கூட்டாக நடத்துகிறார்கள், ஆலை இருப்பது தோதாவில். அதற்கு ஈடு கட்டுவது போல, தோதாவையும் சேர்த்துப் பார்க்கும் காவல் நிலையம் வரபியில் இருக்கிறது. ரயில் நிலையம் ஒன்றே ஒன்று. பக்கத்துத் தண்டவாளத்தில் விரைவு ரயில்கள் நிற்காமல் பறக்கும், அவற்றை வேடிக்கை பார்க்கலாம்.

அரசியலிலும் ஒரு தனித்தன்மை: 2007இல் மேயராகத் தேர்வான யோரித்தாகா ஹிதேயோ ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். சுயேச்சையாக நின்று தொடர்ந்து வென்றார். அந்தக் கட்சிக்காரர் நகர மேயராக இருப்பது ஜப்பானில் அபூர்வம்.

'வரபி' என்றால் என்ன?

வசந்தத்தில் சுருள் விட்டு முளைக்கும், சமைத்துச் சாப்பிடும் ஒரு வகைப் பெரணி. ஊர்ப் பெயரை அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஊர்க்கதை வேறு மாதிரி. 'வர' என்றால் வைக்கோல், 'பி' என்றால் நெருப்பு. குளிரில் வந்த அரிவாரா நோ நரிஹிரா என்ற பழங்காலக் கவிஞருக்கு இங்குள்ளவர்கள் வைக்கோலைக் கொளுத்திக் குளிர்காய வைத்தார்களாம். அதனால் வந்த பெயர் என்பார்கள். வீரன் யோஷிட்சுனே தூரத்தில் புகையைப் பார்த்துச் சூட்டிய பெயர் என்று இன்னொரு கதையும் உண்டு.

நகராட்சிக்கு இந்த மூன்றுமே போதவில்லை போலிருக்கிறது. கங்காருவின் தம்பியான வாலபியை ஜப்பானியர் 'வரபீ' என்றுதான் உச்சரிப்பார்கள். ஆகவே நகரத்தின் சின்னப் பொம்மை ஒரு வாலபி.